கட்டட வடிவமைப்பில் தரை மாதிரியாக்கம்

கட்டட வடிவமைப்பில் தரை மாதிரியாக்கம் என்பது, ஒரு கட்டடம் அமையவுள்ள நிலத்தின் மேடு, பள்ளம், சரிவு ஆகியவற்றைக் கணினியில் முப்பரிமாண மேற்பரப்பாக உருவாக்குவதைக் குறிக்கும். கட்டடத்தின் தரைத்தள மட்டம், மண் வெட்டுதல் மற்றும் நிரப்புதலின் அளவு, மழைநீர் வடியும் திசை, வடிகால்களின் ஆழம் ஆகியவற்றை முடிவு செய்ய இம்மாதிரி பயன்படுகிறது. இவ்வகை மாதிரிகளைப் பொறுத்தவரை துல்லியம், செயல்திறன் என்னும் இரண்டும் முக்கியமான பண்புகளாகும். நிலத்தின் உண்மையான உயரத்துக்கு மாதிரி எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது துல்லியம். அம்மாதிரியை மென்பொருள் எவ்வளவு விரைவாகக் கையாள்கிறது என்பது செயல்திறன்.

மலைப்பகுதிகளிலேயே தரை மாதிரி தேவைப்படும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் மதுரை நகரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் போன்ற ஏறத்தாழத் தட்டையான நிலங்களிலேயே மாதிரியின் சிறு பிழைகள் பெரிய விளைவுகளை ஏற்படுத்துகின்றன. இங்கு நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சில சென்டிமீட்டர் உயர வேறுபாடே தீர்மானிக்கிறது.

அடிப்படைக் கருத்துக்கள்

தரையின் வடிவத்தைக் கணினியில் பதிவு செய்யப் பொதுவாக மூன்று முறைகள் உள்ளன.

1. கட்ட வலை: நிலத்தைச் சம அளவுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரத்தைக் குறிப்பது. செயற்கைக்கோள் தரவுகள் பெரும்பாலும் இவ்வடிவில் கிடைக்கின்றன.

2. சமவுயரக்கோடுகள்: ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். நில அளவை வரைபடங்களில் நெடுங்காலமாகப் பயன்படுபவை.

3. சீரற்ற முக்கோண வலை: அளக்கப்பட்ட புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்து உருவாக்கப்படும் மேற்பரப்பு. கட்டட வடிவமைப்பு மென்பொருள்களில் பெரும்பாலானவை தரையை இவ்வடிவிலேயே கையாளுகின்றன.

முக்கோண வலையில் புள்ளிகளை இணைப்பதற்கு டெலோனே முறை பரவலாகப் பயன்படுகிறது. உருசியக் கணிதவியலாளர் போரிசு டெலோனே 1934 இல் இதனை வெளியிட்டார். எந்தவொரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டுச் செல்லும் வட்டத்தினுள் வேறு புள்ளி எதுவும் இல்லாதவாறு இம்முறை முக்கோணங்களை அமைக்கிறது. இதனால் மிகவும் ஒடுங்கிய முக்கோணங்கள் கூடியவரை தவிர்க்கப்படுகின்றன.

தரை மாதிரி, மேற்பரப்பு மாதிரி என்னும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடும் கவனிக்கத்தக்கது. தரை மாதிரி வெறும் நிலத்தின் உயரத்தைத் தருவது. மேற்பரப்பு மாதிரி மரங்கள், கூரைகள் போன்றவற்றின் உச்சியையும் சேர்த்தே தருவது. வானிலிருந்து பெறப்படும் தரவுகளில் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

வரலாறு

இலக்கமுறைத் தரை மாதிரி என்னும் கருத்து 1950களில் ஐக்கிய அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. நெடுஞ்சாலை வடிவமைப்பில் மண்வேலையைக் கணிப்பதற்காக அங்கு பணியாற்றிய சார்லசு மில்லரும் அவருடைய சக ஆய்வாளரான லாஃபிளேமும் 1958 இல் இது குறித்த கட்டுரையை வெளியிட்டனர். சீரற்ற முக்கோண வலை 1970களில் வளர்ச்சியடைந்தது.

கட்டடக்கலைஞர்களின் பயன்பாட்டுக்கு இவ்வசதி பின்னரே வந்தது. 1982 இல் வெளிவந்த ஆட்டோகேட் தொடக்கத்தில் வரைபடக் கருவியாகவே இருந்தது. 2000 ஆம் ஆண்டில் ரெவிட், ஸ்கெட்ச்அப் ஆகிய இரு மென்பொருள்களும் அறிமுகமாயின. ரெவிட்டை 2002 இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. ஸ்கெட்ச்அப் 2006 இல் கூகுளுக்கும், 2012 இல் டிரிம்பிளுக்கும் கைமாறியது.

இந்தியாவில் உயர அளவீட்டின் வரலாறு இதைவிடப் பழமையானது. இந்திய நில அளவைத் துறை 1858 இல் தொடங்கிய உயர மட்ட வலையமைப்புப் பணி 1909 இல் நிறைவு செய்யப்பட்டது. நாகப்பட்டினம், சென்னை, கொச்சி உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் அளக்கப்பட்ட சராசரிக் கடல்மட்டம் அதற்கு அடிப்படையாக இருந்தது. மட்டக்குறிக் கற்களில் காணப்படும் உயரங்கள் இவ்வழி வந்தவையாகும்.

மதுரைச் சமவெளியின் தரையமைப்பு

மதுரை நகரம் வையை ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ளது. வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றும் இவ்வாறு, சமவெளியை அடைந்தபின் தென்கிழக்காக இராமநாதபுரம் நோக்கிச் செல்கிறது. நகரைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் தட்டையானது. யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் போன்ற பாறைக்குன்றுகள் மட்டும் திடீரென எழுந்து நிற்கின்றன. வடக்கே அழகர்மலை உள்ளது.

இச்சமவெளியின் சிறப்புக்கூறு கண்மாய்கள் ஆகும். மிகச் சிறிய சரிவைப் பயன்படுத்தி, தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி நீரைத் தேக்குவதே கண்மாயின் அமைப்பு. மேலே உள்ள கண்மாய் நிரம்பினால் நீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து, வரத்துக்கால் வழியே அடுத்த கண்மாயை அடையும். இவ்வாறு சங்கிலித்தொடராக அமைந்த கண்மாய்கள் பல உள்ளன. நவீனக் கருவிகள் எவையும் இல்லாத காலத்தில், நீரையே மட்டக்கோலாகக் கொண்டு இவ்வமைப்புக்கள் உருவாக்கப்பட்டன எனலாம்.

நகர வளர்ச்சியின்போது கண்மாய்கள் சிலவற்றின் நிலம் கட்டடங்களுக்குப் பயன்படுத்தப்பட்டது. 2004 இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பகுதியிலும், மதுரை மாநகராட்சியின் தலைமைக் கட்டடம் தல்லாகுளம் கண்மாய் இருந்த பகுதியிலும் அமைந்துள்ளன. கண்மாயின் நீர்ப்பரப்பு மறைந்தாலும், நிலத்தின் தாழ்வு எளிதில் மறைவதில்லை. நீர் தன் பழைய பாதையையே நாடுகிறது. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த கனமழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் பெருக்கெடுத்து, செல்லூரை ஒட்டிய குடியிருப்புக்களில் நீர் புகுந்தது. இத்தகைய நிலத்தில் கட்டடம் வடிவமைப்பவருக்குத் தரை மாதிரி இன்றியமையாதது ஆகிறது.

துல்லியம்

உயரத் தரவுகளின் மூலங்கள்

தரை மாதிரியின் துல்லியம் முதலாவதாக அதற்குள் செலுத்தப்படும் தரவைச் சார்ந்தது. மென்பொருளால் தரவின் துல்லியத்தைக் கூட்ட முடியாது. பொதுவாகப் பயன்படும் மூலங்கள் வருமாறு:

- எஸ்ஆர்டிஎம்: 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது. கட்டத்தின் அளவு ஏறத்தாழ 30 மீட்டர். உயரப் பிழை 90 விழுக்காடு இடங்களில் 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் வரையறை. நடைமுறையில் பல இடங்களில் இதைவிடச் சிறப்பாகவே அமைந்துள்ளது.

- கார்ட்டோடெம்: 2005 மே 5 இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் இரட்டைப் படங்களிலிருந்து உருவாக்கப்பட்டது. 30 மீட்டர் கட்ட அளவுள்ள வடிவம் இசுரோவின் புவன் தளத்தில் கிடைக்கிறது. இதன் உயரத் துல்லியம் ஏறத்தாழ 8 மீட்டர்.

- ஆளில்லா வானூர்திப் படங்கள்: தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் முறையாக அளக்கப்பட்டிருந்தால், வெட்டவெளியில் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான துல்லியம் பெறலாம்.

- டோட்டல் ஸ்டேஷன்: அளக்கப்படும் ஒவ்வொரு புள்ளியிலும் ஓரிரு சென்டிமீட்டர் துல்லியம்.

- ஆட்டோ லெவல்: குறுகிய தொலைவுகளில் சில மில்லிமீட்டர் துல்லியம். கிடைநிலை அமைவிடத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

முதல் இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. பல மென்பொருள்கள் இவற்றைப் போன்ற தரவுகளை ஒரு சொடுக்கில் இறக்கித் தருகின்றன. யானைமலையின் பின்னணியில் ஒரு கட்டடம் எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்ட இவை போதுமானவை. ஆனால் ஒரு கட்டத்தின் பக்கமே 30 மீட்டராக இருப்பதால், சில மீட்டர் அகலமுள்ள கண்மாய்க்கரையோ, அதனிலும் குறுகிய வரத்துக்காலோ இவற்றில் தெளிவாகப் பதிவதில்லை. வடிகால் வடிவமைப்புக்கு இவை ஏற்றவை அல்ல.

தாவரங்களும் பிழைக்குக் காரணமாகின்றன. வறண்ட கண்மாய்களில் அடர்ந்து வளரும் சீமைக்கருவேல மரங்களின் உச்சியை ஒளிப்படங்கள் தரை எனக் காட்டிவிடும். இதனால் பள்ளமான கண்மாயின் உட்பகுதி சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த மேடாகத் தோன்ற வாய்ப்புண்டு. லேசர் கதிர்களைக் கொண்டு அளக்கும் முறையில் கதிர்களில் ஒரு பகுதி இலைகளுக்கு இடையே நுழைந்து தரையை அடைவதால், இக்குறை ஓரளவு நீங்குகிறது.

வருவாய்த்துறையின் புலவரைபடங்கள் மனையின் எல்லை அளவுகளைத் தருகின்றன. ஆனால் அவற்றில் உயரங்கள் குறிக்கப்படுவதில்லை. ஆகவே மனை வாங்கியவரிடம் உள்ள ஆவணங்களை மட்டும் கொண்டு தரை மாதிரி உருவாக்க இயலாது.

உயர அடிமட்டம்

உயரம் எதிலிருந்து அளக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்காத தரவு பெரும் பிழைக்கு வழிவகுக்கும். செயற்கைக்கோள் வழி இடங்காட்டிகள், புவியை ஒரு சீரான நீள்வட்டத் திண்மமாகக் கருதி அதன் மேற்பரப்பிலிருந்து உயரத்தைக் கணிக்கின்றன. மட்டக்குறிக் கற்களோ சராசரிக் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. புவியின் ஈர்ப்பு எங்கும் ஒரே அளவாக இல்லாததால் இவ்விரண்டும் ஒன்றுபடுவதில்லை.

இவ்வேறுபாடு உலகிலேயே மிகுதியாக உள்ள பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கு கடல்மட்டம் நீள்வட்டத் திண்மத்தின் மேற்பரப்பைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்துள்ளது. மதுரைப் பகுதியும் இத்தாழ்வின் எல்லைக்குள் அடங்குவதால் இங்கு வேறுபாடு ஏறத்தாழ 90 மீட்டராக உள்ளது. எடுத்துக்காட்டாக, கடல்மட்டத்திலிருந்து 130 மீட்டர் உயரமுள்ள ஓரிடத்தை, திருத்தம் செய்யப்படாத கருவி ஏறத்தாழ 40 மீட்டர் என்றே காட்டும். ஒரே மனையின் ஒரு பகுதியை ஒரு முறையிலும் மற்றொரு பகுதியை வேறு முறையிலும் அளந்து இணைத்தால், மாதிரியில் செங்குத்தான பாறைச்சரிவு தோன்றும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். ஆனால், பொருத்தமற்ற திருத்த அட்டவணைகளைப் பயன்படுத்துவதால் ஏற்படும் அரை மீட்டர், ஒரு மீட்டர் அளவிலான பிழைகள் எளிதில் புலப்படுவதில்லை.

ஆள்கூற்று முறை

கிடைநிலை அமைவிடத்தைக் குறிக்க உலகளாவிய குறுக்கு மெர்காட்டர் முறை பரவலாகப் பயன்படுகிறது. இம்முறை புவியை 6 பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கிறது. மதுரை நகரம் கிழக்கு நெட்டாங்கு 78.12 பாகையை ஒட்டி, 44 ஆம் மண்டலத்தின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ளது. 78 பாகைக்கு மேற்கே உள்ள உசிலம்பட்டி போன்ற ஊர்கள் 43 ஆம் மண்டலத்தைச் சேர்ந்தவை. எனவே மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியும் நகரமும் இரு வேறு மண்டலங்களில் அடங்குகின்றன. மண்டல எண்ணைத் தவறாகக் குறித்தால் மனை பல நூறு கிலோமீட்டர் இடம்பெயர்ந்துவிடும்.

மண்டலத்தின் விளிம்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. உருண்டைப் பரப்பைத் தட்டையாக்குவதால் தொலைவுகள் சிறிது நீள்கின்றன. மதுரையில் இந்நீட்சி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் ஆகும். 100 மீட்டர் நீளமுள்ள கட்டடம் இவ்வரைபடத்தில் 8 சென்டிமீட்டர் கூடுதலாகத் தோன்றும். தூண்களின் இடைவெளியை மில்லிமீட்டரில் குறிக்கும் கட்டட வரைபடத்தோடு இதனை அப்படியே பொருத்த முடியாது. இதனால் மனைக்கென ஓர் உள்ளூர் ஆள்கூற்று முறையை அமைத்து, பின்னர் அதைப் பொது முறையுடன் தொடர்புபடுத்துவது வழக்கம்.

தட்டைத் தரையில் பிழையின் விளைவு

உயரப் பிழையின் விளைவு நிலத்தின் சரிவைப் பொறுத்து மாறுபடும். பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள மலைப்பாங்கான மனையில் 10 சென்டிமீட்டர் உயரப் பிழை, சமவுயரக்கோட்டை ஒரு மீட்டர் மட்டுமே நகர்த்தும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள சமவெளியில் அதே பிழை சமவுயரக்கோட்டை 100 மீட்டர் நகர்த்திவிடும். மலைச்சரிவில் நீர் எப்பக்கம் ஓடும் என்பதில் ஐயம் எழுவதில்லை. சமவெளியில் இவ்வளவு பிழை ஓட்டத்தின் திசையையே எதிர்ப்புறமாக மாற்றிக் காட்டக்கூடும்.

சமவுயரக்கோடுகளின் இடைவெளியும் கவனத்துக்குரியது. ஒரு மீட்டர் இடைவெளியில் வரையப்பட்ட வரைபடத்தில், சமவெளியில் உள்ள இரண்டு ஏக்கர் மனையினூடாக ஒரு கோடுகூடச் செல்லாமல் இருக்கலாம். அதனை மட்டும் கொண்டு உருவாக்கப்படும் மாதிரி முழுவதும் தட்டையாக இருக்கும். மனை உண்மையில் அரை மீட்டர் சரிந்திருந்தாலும் அது தெரிய வராது.

செயல்திறன்

புள்ளிகளின் எண்ணிக்கை

துல்லியத்தைக் கூட்டுவதற்குப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது இயல்பாகத் தோன்றும் வழியாகும். ஆனால் இடைவெளியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் புள்ளிகள் நூறு மடங்காகப் பெருகும். ஒரு எக்டேர் நிலத்தை ஒரு மீட்டர் இடைவெளியில் பதிவு செய்ய ஏறத்தாழ 10,000 புள்ளிகள் போதும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் 10 இலட்சம் புள்ளிகள் தேவை. முக்கோணங்களின் எண்ணிக்கை புள்ளிகளைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும்.

பத்து இலட்சம் புள்ளிகளையும் அவற்றின் முக்கோணங்களையும் சேமிக்க 50 மெகாபைட் அளவு நினைவகம் போதுமானது. இது இன்றைய கணினிகளுக்குச் சிறிய அளவே. ஆயினும் கட்டட வடிவமைப்பு மென்பொருள்கள் தரையை வெறும் படமாகக் கருதுவதில்லை. தரையின் மீது ஒரு மேடை அமைக்கும்போதும், குறுக்குவெட்டு வரையும்போதும், கன அளவைக் கணிக்கும்போதும் எல்லா முக்கோணங்களும் மீண்டும் ஆராயப்படுகின்றன. எனவே சுவர், தூண் போன்ற சில ஆயிரம் உறுப்புக்களைக் கையாளுமாறு அமைந்த மென்பொருள், தரையின் பொருட்டுப் பெருமளவு வேகம் இழக்கிறது.

மிதவைப் புள்ளி எண்களின் எல்லை

கணினியில் பின்ன எண்கள் வரையறுக்கப்பட்ட இலக்கங்களோடு சேமிக்கப்படுகின்றன. ஒற்றைத் துல்லிய எண்ணில் ஏறத்தாழ 7 பதின்ம இலக்கங்களும், இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறத்தாழ 15 இலக்கங்களும் நம்பத்தக்கவை. ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் ஆள்கூறுகளை இரட்டைத் துல்லியத்தில் சேமிக்கின்றன. ஆனால் திரையில் படம் வரையும் வரைகலைச் செயலிகள் பெரும்பாலும் ஒற்றைத் துல்லியத்திலேயே இயங்குகின்றன.

முன்னர்க் குறிப்பிட்ட மெர்காட்டர் முறையில் மதுரையின் ஆள்கூறு கிழக்காக ஏறத்தாழ 1,84,000 மீட்டர், வடக்காக ஏறத்தாழ 10,99,000 மீட்டர். பின்னைய எண்ணை ஒற்றைத் துல்லியத்தில் எழுதும்போது, அடுத்தடுத்த இரு மதிப்புக்களுக்கு இடையே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி ஏற்படுகிறது. அதாவது அரைச் செங்கல் சுவரின் தடிப்புக்கும் குறைவில்லாத தாவல் இது. இதன் விளைவாகத் திரையில் கோடுகள் நடுங்குவதும், மேற்பரப்புக்கள் ஒன்றையொன்று ஊடுருவுவது போல் மினுங்குவதும் உண்டு.

இதைத் தவிர்க்க, மாதிரியை மென்பொருளின் தொடக்கப்புள்ளிக்கு அருகில் நகர்த்தி வைத்து, உண்மையான ஆள்கூற்றைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். ரெவிட் மென்பொருளில் மாதிரி அதன் உள் தொடக்கப்புள்ளியிலிருந்து 10 மைல், அதாவது ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்குள் இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.

எளிமையாக்கம்

மாதிரியின் வேகத்தைக் கூட்டத் தேவையற்ற புள்ளிகள் நீக்கப்படுகின்றன. இது எளிமையாக்கம் எனப்படும். சமவுயரக்கோடுகளை எளிமையாக்க 1973 இல் டக்ளசு, பாய்க்கர் ஆகியோர் வெளியிட்ட முறை பரவலாகப் பயன்படுகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான வளைவுகளை இம்முறை நேராக்கிவிடுகிறது.

சமவெளியில் எளிமையாக்கம் கவனத்துடன் செய்யப்பட வேண்டியதாகும். உயர வேறுபாடு 25 சென்டிமீட்டருக்குக் குறைவான புள்ளிகளை நீக்குமாறு பணித்தால், 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள வரத்துக்கால் முழுவதும் மறைந்துவிடும். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று சீராகக் குறைத்தால், கண்மாய்க்கரையின் உச்சியில் இருந்த புள்ளிகள் ஆங்காங்கே விடுபட்டு, கரை உடைந்தது போன்ற தோற்றம் உண்டாகும். கரையும் கால்வாயும் பரப்பளவில் சிறியவை என்பதால் எளிமையாக்கத்தில் முதலில் இழக்கப்படுபவை அவையே. ஆனால் நீரின் போக்கைத் தீர்மானிப்பவையும் அவையே.

இதற்குத் தீர்வாக அமைவது முறிகோடு. கரையின் உச்சி, கரையின் அடி, வாய்க்காலின் அடிமட்டம், சாலையின் விளிம்பு போன்ற, சரிவு திடீரென மாறும் இடங்களை நில அளவையாளர் தொடர்கோடாக அளந்து தருகிறார். முக்கோணங்களின் பக்கங்கள் அக்கோட்டைக் குறுக்கே வெட்டாதவாறு மென்பொருள் வலையை அமைக்கிறது. முறிகோடுகளுடன் கூடிய சில நூறு புள்ளிகள், அவை இல்லாத பல இலட்சம் புள்ளிகளைவிட நீரோட்டத்தைச் சரியாகக் காட்டக்கூடும். இவ்வாறு துல்லியமும் செயல்திறனும் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. எத்தனை புள்ளிகள் என்பதைவிட எந்தப் புள்ளிகள் என்பதே முதன்மையானது.

மென்பொருள்களில் கையாளும் முறைகள்

ரெவிட்டில் தரை, நீண்ட காலம் தடிப்பற்ற மேற்பரப்பாகவே கையாளப்பட்டது. 2023 இல் வெளியான ரெவிட் 2024 பதிப்பில் இதற்கு மாற்றாகத் தடிப்புள்ள திண்மத் தரை அறிமுகப்படுத்தப்பட்டது. இதனால் தரையைத் தோண்டுதல், அடுக்குகளைக் காட்டுதல் போன்றவை எளிதாயின. ஆர்க்கிகேட் மென்பொருளில் இதற்கென வலைக்கருவி உள்ளது. ஸ்கெட்ச்அப், சமவுயரக்கோடுகளிலிருந்து மேற்பரப்பை உருவாக்கும் கருவியைக் கொண்டுள்ளது. சிவில் 3டி சாலை, வடிகால் முதலிய குடிசார் பொறியியல் பணிகளுக்கானது. இது முறிகோடுகளையும் பெருந்தொகையான புள்ளிகளையும் கையாளுவதற்கென உருவாக்கப்பட்டது. ஆகையால் பெரிய திட்டங்களில் தரையைச் சிவில் 3டி போன்ற மென்பொருளில் உருவாக்கி, கட்டட மாதிரியுடன் இணைப்பாகச் சேர்ப்பதுண்டு.

மண்வேலைக் கணக்கு

தரை மாதிரியின் பிழை நேரடியாகப் பணமாக மாறும் இடம் மண்வேலை ஆகும். ஒரு எக்டேர் மனையில் சராசரியாக 10 சென்டிமீட்டர் பிழை இருந்தால், மண்ணின் கன அளவு 1,000 கன மீட்டர் மாறுபடும். தமிழ்நாட்டில் மணலும் மண்ணும் 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் விற்கப்படுவதால், இது ஏறத்தாழ 353 யூனிட் ஆகும். பிழை இரு பக்கமும் சிதறியிருந்தால் கூட்டலும் கழித்தலும் ஓரளவு ஈடாகிவிடும். அடிமட்டத்தில் ஏற்படும் பிழையோ எல்லா இடங்களிலும் ஒரே பக்கமாக அமைவதால் ஈடாவதில்லை.

கன அளவைக் கணிக்கத் தரை மாதிரி பயன்பட்டதற்கு மதுரை மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2012 இல் மேலூர்ப் பகுதிக் கருங்கல் சுரங்கங்களில் நடந்த முறைகேடுகள் குறித்த ஆய்வின்போது, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆளில்லா வானூர்தி கொண்டு சுரங்கங்கள் படமெடுக்கப்பட்டன. இத்தகைய பகுதிகளுக்கு 2000 ஆம் ஆண்டின் எஸ்ஆர்டிஎம் தரவைப் பயன்படுத்தினால், பின்னர் தோண்டப்பட்ட பள்ளங்கள் அதில் இரா. தரவின் துல்லியத்தோடு அது எடுக்கப்பட்ட ஆண்டும் நோக்கத்தக்கது என்பதை இது காட்டுகிறது.

தரவு பெறுவதற்கான விதிகள்

இந்திய அரசு 2021 பெப்ரவரி 15 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி நிலப்படத் தரவுகளை உருவாக்க வழிசெய்தன. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் ஆளில்லா வானூர்தி விதிகள் வெளியாயின. விமான நிலையத்தை அண்டிய பகுதிகளில் இவற்றைப் பறக்கவிட முன் அனுமதி தேவை.

சரிபார்க்கும் முறைகள்

தரை மாதிரியை ஏற்பதற்கு முன் பின்வரும் சோதனைகள் செய்யப்படுகின்றன.

- மாதிரியை உருவாக்கப் பயன்படுத்தாத சில புள்ளிகளை ஆட்டோ லெவல் கொண்டு தனியாக அளந்து, மாதிரியின் உயரத்தோடு ஒப்பிடுதல்.
- உயர அடிமட்டத்தையும் ஆள்கூற்று மண்டலத்தையும் வரைபடத்தில் எழுதுதல்.
- எளிமையாக்கத்துக்கு முன்னும் பின்னும் நீரோட்டத் திசைகளை ஒப்பிடுதல். திசை மாறினால் நீக்கப்பட்ட புள்ளிகளை மீளச் சேர்க்க வேண்டும்.
- அருகிலுள்ள சாலை, வடிகால், கலுங்கு ஆகியவற்றின் மட்டங்களையும் அளந்து சேர்த்தல். பழைய பரப்பைச் சுரண்டாமல் மேலும் மேலும் தார் இடப்பட்ட தெருக்களில், சாலை மட்டம் மனை மட்டத்தைவிட உயர்ந்திருப்பது உண்டு.
- மழைக்குப்பின் நீர் தேங்கும் இடங்களை அப்பகுதி மக்களிடம் கேட்டறிந்து மாதிரியில் காணும் பள்ளங்களோடு ஒப்பிடுதல்.

வரம்புகள்

தரை மாதிரி நிலத்தின் மேற்பரப்பை மட்டுமே காட்டும். கரையின் ஊடே செல்லும் மடை, சாலையின் அடியில் செல்லும் குழாய்ப்பாலம் ஆகியவை அதில் இல்லாததால், கணிப்பில் நீர் அங்கு தடைபட்டு நிற்பதாகத் தோன்றும். இவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மேற்பரப்பின் கீழே உள்ளதையும் மாதிரி கூறாது. 1840களையொட்டி, மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டு அகழி நிரவப்பட்டது. அவ்விடத்தில் உருவானவையே வெளிவீதிகளும் அவற்றை ஒட்டிய சில தெருக்களும் ஆகும். தரை மாதிரியில் இப்பகுதி ஏனைய தெருக்களைப் போலவே தட்டையாகத் தோன்றும். நிரவப்பட்ட அகழியும் நிரவப்பட்ட கண்மாயும் கடைக்காலுக்கு ஏற்ற உறுதியான மண்ணைக் கொண்டிருக்கும் என்று கொள்ள முடியாது. இதற்கு மண் ஆய்வும் பழைய நிலப்படங்களும் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- சமவுயரக்கோடு
- நில அளவை
- கட்டடத் தகவல் மாதிரியாக்கம்
- கண்மாய்
- வையை ஆறு
- மதுரை